கரண்ட் ஓடும்வரை: நாள்பட்ட முதுகு வலியும் மின்வழி நரம்புத் தூண்டலும்

1. கேள்வி

முதுகு வலிக்குப் பிசியோதெரபி எடுத்துக்கொண்டவர்களிடம் அங்கே என்ன செய்தார்கள் என்று விசாரித்தால், பெரும்பாலும் "கரண்ட் வைத்தார்கள்" என்ற பதில்தான் வரும். குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இருபக்கமும் இரண்டிரண்டாக நான்கு பட்டைகளை ஒட்டுகிறார்கள். கருவியின் குமிழைத் திருகத் திருக, லேசான குறுகுறுப்பாகத் தொடங்கும் உணர்வு துடிப்பாக வலுக்கிறது. "தாங்குகிற அளவு வந்ததும் சொல்லுங்கள்" என்று கேட்டு, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கருவியின் மணி அடிக்கும்வரை விட்டுவிடுகிறார்கள். இருபது நிமிடம் கழித்து எழும்போது இடுப்பு இலகுவாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து, இந்தக் கருவி நாள்பட்ட முதுகு வலிக்கு நல்ல சிகிச்சை என்ற முடிவுக்குப் போகக் கடக்கவேண்டிய தூரம் அதிகம்.

எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே, 12 வாரங்களைத் தாண்டியும் தொடரும் வலியே இங்கு பொருள். எலும்பு முறிவு, புற்றுநோய், கிருமித் தொற்று என்று ஒரு குறிப்பிட்ட நோயைக் காரணம் காட்ட முடிந்தால் அதற்கான சிகிச்சை வேறு. நாள்பட்ட முதுகு வலிக்காரர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு அப்படி ஒரு தனிக் காரணம் அகப்படுவதில்லை. 2020இல் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியுடன் இருந்தார்கள் என்றும், 2050இல் அது 84.3 கோடியாகும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிடுகிறது. உலகில் வேறெந்த நோயைவிடவும் அதிகமான மனிதர்களை முடக்கிவைப்பது இந்த வலிதான். ஆகவே இதற்கு எது பயன்படும், எது பயன்படாது என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி ஆகாது.

கேள்வியை இரண்டாகப் பிரித்தால்தான் விடை கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். மின்சாரம் பாயும் நேரத்தில் வலி குறைகிறதா என்பது ஒன்று. வாரங்கள் கழித்து அந்த மனிதர் முன்பைவிட நன்றாகக் குனிந்து, நடந்து, வேலை செய்து, உறங்குகிறாரா என்பது மற்றொன்று. ஐம்பது ஆண்டு விவாதத்தில் பெரும் பகுதி, முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கான விடையாக எடுத்துக்கொண்டதிலிருந்து எழுந்தது.

2. கருவியும் கோட்பாடும்

வலிக்கு மின்சாரம் பாய்ச்சுவது பழைய யோசனை. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமாபுரி மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் பாத வாதத்துக்கும் உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு அறிவியல் அடித்தளம் என்று ஒன்று கிடைத்தது 1965இல். ரொனால்ட் மெல்சாக் என்ற கனடிய உளவியலாளரும் பாட்ரிக் வால் என்ற பிரிட்டிஷ் நரம்பியலாளரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தோலிலிருந்து தொடுகைச் செய்தியைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகளும், வலிச் செய்தியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளும் தண்டுவடத்தின் பின்கொம்பில் வந்து சேர்கின்றன. அங்கே ஒரு வாயில் இருக்கிறது. தடித்த இழைகள் மும்முரமாக இயங்கும்போது அந்த வாயில் ஒடுங்குகிறது, வலிச் செய்தி மூளைக்குப் போவது குறைகிறது. முழங்கை இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறதே, அந்தச் செயலுக்கு நரம்பியல் கொடுத்த விளக்கம் இது. கோட்பாட்டின் பல விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன. ஆனாலும் உடலில் அடிபட்ட அளவுக்கு ஏற்ப வலி நேர்க்கோட்டில் கூடுவதில்லை, நரம்பு மண்டலம் அதைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகிறது என்ற அடிப்படைப் பார்வை நிலைத்துவிட்டது.

தடித்த இழைகளை மின்சாரத்தால் இயக்கினால் என்ன என்ற கேள்வி உடனே பிறந்தது. 1967இல் வாலும் நரம்பு அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும், நரம்பை மின்துடிப்பால் தூண்டி வலியைத் தற்காலிகமாக அகற்றியதை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மன் ஷீலி, புற்றுநோய் வலியில் இருந்த ஒரு நோயாளியின் தண்டுவடத்தை ஒட்டி முதல் மின்தூண்டியைப் பதித்தார். இத்தகைய அறுவைக்கு யார் தகுந்தவர் என்று முன்கூட்டிப் பார்க்க, தோலின் மேலேயே மின்னோட்டம் கொடுத்துச் சோதிக்கும் வழக்கம் வந்தது. சிலருக்கு அந்தச் சோதனையே போதுமானதாக இருந்தது. நாம் இன்று டென்ஸ் என்று அழைக்கும் கருவி அப்படித்தான் தனிச் சிகிச்சையானது.

கருவி எளியது. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, ஒரு பேட்டரி, இரண்டு ஒயர், நான்கு பட்டை. நொடிக்கு ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை மின்துடிப்புகள்; ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும். கிளினிக்குகளில் இதன் உறவான ஐஎஃப்டி கருவியும் பரவலாக இருக்கிறது. அதில் நொடிக்கு ஏறத்தாழ 4000 அலைகள் கொண்ட இரு மின்னோட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, உள்ளே மெதுவான துடிப்பாக மாறுகின்றன. குறைந்த வேகத் துடிப்புகள் உடலின் சொந்த ஓபியாய்டு வேதிப்பொருள்களைச் சுரக்கவைக்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. ஓபியாய்டுகளைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்தைச் செலுத்தினால், குறைவேகத் துடிப்பு தரும் வலி நிவாரணம் மறைவதை 1970களின் இறுதியில் ஸ்வீடனில் காட்டினார்கள். ஆக, டென்ஸ் நரம்பு மண்டலத்தில் ஏதோ செய்கிறது என்பதில் ஐயம் இல்லை.

ஆனால் இந்தக் கோட்பாட்டில் எதற்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வாயில் ஒடுங்குவது துடிப்பு ஓடும்போதும் அதன்பின் சிறிது நேரமும்தான். தேய்ந்த ஜவ்வு சரியாகும், தளர்ந்த தசை வலுப்பெறும், ஆறு மாதம் கழித்து வலி வராது என்றெல்லாம் நம்புவதற்கு இதில் அடிப்படையே கிடையாது. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே கூர்ந்துபோயிருக்கும். அத்துடன் அசைந்தால் முதுகு கெட்டுவிடும் என்ற பயம், தூக்கமின்மை, வேலை பறிபோகும் கவலை, மனச்சோர்வு எல்லாம் பின்னிக்கிடக்கும். இருபது நிமிடக் குறுகுறுப்பு இவற்றில் எதைத் தொடும்?

3. 1990: ஒரு கவனமான சோதனை

இவ்விவாதத்தில் இன்றும் திரும்பத் திரும்பப் பேசப்படுவது, ரிச்சர்ட் டேயோவும் சகாக்களும் 1990இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு. அதன் வடிவமைப்பை நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 145 பேர்; அவர்களில் பாதிப் பேருக்கு வலி தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான டென்ஸ். இன்னொன்றுக்குப் பார்ப்பதற்கு அதேபோல இருந்து மின்சாரம் பாய்ச்சாத போலிக் கருவி. மூன்றாவதற்கு உண்மைக் கருவியோடு உடற்பயிற்சி. நான்காவதற்குப் போலிக் கருவியோடு உடற்பயிற்சி.

ஒரு மாதம் கழித்து வலி, அன்றாடச் செயல்பாடு, குனியும் திறன் ஆகியவற்றுக்கான 11 அளவீடுகளைப் பார்த்தார்கள். எதிலும் உண்மைக் கருவிக்கும் போலிக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. வலி அளவீடுகளில் உண்மைக் கருவி பெற்றவர்களிடம் 47 விழுக்காடு முன்னேற்றம். போலிக் கருவி பெற்றவர்களிடம் 42 விழுக்காடு.

இந்த 42 என்ற எண்ணை ஆழ்ந்து யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மின்சாரமே பாயாத கருவியைக் கட்டிக்கொண்டவர்களின் வலி ஒரு மாதத்தில் அத்தனை குறைந்திருக்கிறது. இதில் நம்பிக்கையின் பங்கு உண்டு. கவனித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலின் பங்கும் உண்டு. இவற்றோடு, பலர் மறந்துவிடும் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. நாள்பட்ட முதுகு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. மனிதர்கள் சிகிச்சை தேடி வருவது அது உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்திலிருந்து அது தானாகவே தன் வழக்கமான மட்டத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தின்போது கையில் எந்தச் சிகிச்சை இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. பத்து நாள் கரண்ட் வைத்ததும் வலி குறைந்தது என்று ஒருவர் சொல்லும்போது அவர் கண்ட மாற்றம் மெய்யானது. அதற்குக் கரண்ட்தான் காரணமா என்பதை அவரால் தன் ஒரே உடலை வைத்துக்கொண்டு அறிய வழியில்லை. போலிக் கருவியோடு ஒப்பிடும் ஆய்வு தேவைப்படுவது இதனால்தான்.

இந்த ஆய்வுக்கு ஒரு பலவீனம் இருப்பதையும் சொல்ல வேண்டும். டென்ஸில் உண்மையை மறைப்பது கடினம். கரண்ட் பாய்ந்தால் தெரிந்துவிடும். தம் கருவி வேலை செய்கிறதா என்று பின்னர் கேட்டபோது உண்மைக் கருவி பெற்ற அனைவரும் ஆம் என்றார்கள். போலிக் கருவிக்காரர்களில் 84 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். இவ்வளவு பேர் நம்பியது வியப்புக்குரியது என்றாலும் முழு மறைப்பு இல்லை. ஆனால் இந்தக் கசிவு எந்தப் பக்கம் சாய்க்கும்? உண்மைக் கருவிக்குச் சாதகமாகத்தான். அந்தச் சாதகம் இருந்தும் வேறுபாடு தென்படவில்லை என்பதால், இந்தப் பலவீனம் முடிவை மேலும் உறுதியாக்குகிறது என்றே கொள்ளலாம். பின்னாளில் அயோவா பல்கலைக்கழகக் குழுவினர், முதல் அரை நிமிடம் மட்டும் கரண்ட் கொடுத்துப் பின் மெல்லப் பூஜ்யத்துக்கு இறங்கும் போலிக் கருவியை உருவாக்கினார்கள். மறைப்பு அதனால் கொஞ்சம் மேம்பட்டது.

அதே ஆய்வில் உடற்பயிற்சிக் குழுக்களுக்கு ஒரு மாத முடிவில் வலியும் குறைந்தது, நடமாட்டமும் கூடியது. ஆய்வு முடிந்து இரண்டு மாதத்தில் பெரும்பாலோர் பயிற்சியை விட்டிருந்தார்கள். கிடைத்த பலனும் போய்விட்டிருந்தது. டென்ஸ் பற்றிய விவாதத்தில் இந்த இரண்டாவது கண்டுபிடிப்பு உரிய கவனம் பெறவில்லை. எனக்கு இதுவே முக்கியமானதாகப் படுகிறது.

4. அமைப்புகளின் நிலைப்பாடு

பின்வந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரே திசையில் சென்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008ஆம் ஆண்டு மறுஆய்வு, போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட தரமான நான்கு ஆய்வுகளை, மொத்தம் 585 நோயாளிகளை, எடுத்துக்கொண்டது. வலி குறைவது பற்றிய சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. முதுகின் செயல்பாடு மேம்படவில்லை என்பதில் அவை ஒத்துப்போயின. 2010இல் அமெரிக்க நரம்பியல் அகாதமி, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு டென்ஸ் பரிந்துரைக்கத் தக்கதல்ல என்றது; அதே அறிக்கையில் சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கு அது உதவக்கூடும் என்றும் சொன்னது. 2012 ஜூனில் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு, நாள்பட்ட முதுகு வலிக்கான டென்ஸ் செலவை ஏற்பதை நிறுத்தியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையில், முதுகு வலிக்கு டென்ஸ், ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட், இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் எதையும் கொடுக்க வேண்டாம் என்றது. நம் ஊர் கிளினிக்கின் கருவிப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததைப் போன்ற பட்டியல் அது.

5. 2022, 2023: ஒரே துறை, இரு விடைகள்

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். 2022இல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் மார்க் ஜான்சன் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு அதைத் தடுக்கிறது. 381 ஆய்வுகள், 24,532 பங்கேற்பாளர்கள்; டென்ஸ் பற்றி இதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய தொகுப்பு. போலிச் சிகிச்சையைவிட டென்ஸ் வலியின் தீவிரத்தைக் குறைக்கிறது, பெரிய தீங்கு எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. விளைவின் அளவு, புள்ளியியல் வழக்கில், 0.96; இத்துறையில் 0.8ஐத் தொட்டாலே பெரிய விளைவு என்று கொள்வார்கள். அடுத்த ஆண்டு, 2023 டிசம்பரில், உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகு வலிக்கான தன் முதல் நெறிமுறையை வெளியிட்டது. அதில் வழக்கமான சிகிச்சையின் அங்கமாக டென்ஸைப் பயன்படுத்த வேண்டாம் என்ற பரிந்துரை இருந்தது. இரண்டு ஆண்டுக்குள் இரண்டு கவனமான குழுக்கள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. யாரோ ஒருவர் தவறிழைத்திருக்க வேண்டும் என்று வாசகருக்குத் தோன்றும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் முரண்பாடு பெருமளவு கரைகிறது. ஜான்சன் குழு அளந்தது, கரண்ட் ஓடும்போதும் ஓடி முடிந்த உடனேயும் உள்ள வலியை. மேலும் அது எல்லா வகை வலியையும் சேர்த்துக்கொண்டது: அறுவைக்குப் பிந்தைய வலி, மாதவிடாய் வலி, மூட்டு வலி, கழுத்து வலி, எல்லாம். உலக சுகாதார நிறுவனம் பார்த்தது ஒரே ஒரு நோயை. அது தேடியதும், வாரங்கள் மாதங்கள் கழித்து வலியிலும் இயக்கத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதை. முதல் குழு முதல் கேள்விக்கு ஆம் என்கிறது. இரண்டாவது குழு இரண்டாவது கேள்விக்கு, ஆதாரம் இல்லை என்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும்.

0.96 என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்தவை அச்சேறும், தெரியாதவை மேசையிலேயே தங்கிவிடும் என்பது மருத்துவ ஆய்வுலகம் நன்கறிந்த சிக்கல். தொகுப்பாளர்களே இக்காரணத்தால் தம் முடிவின் உறுதியை நடுத்தரம் என்றுதான் மதிப்பிட்டார்கள்.

இரு கேள்விகளும் ஒரே ஆய்வுக்குள் பிரிந்து தெரிவதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரான்ஸில் நடந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில் 21 வலி மையங்களைச் சேர்ந்த 236 பேர் பங்கேற்றார்கள். தினமும் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், மூன்று மாதம். ஆறாவது வாரத்தில் செயல்பாட்டில் உண்மைக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை. ஆய்வாளர்கள் முதன்மை அளவீடாக முன்கூட்டியே அறிவித்திருந்தது அதைத்தான். ஆனால் இடுப்பு வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்ததாகச் சொன்னவர்கள் உண்மைக் குழுவில் 25 விழுக்காடு, போலிக் குழுவில் 6.7 விழுக்காடு. அதாவது நால்வரில் ஒருவருக்கு வலி கணிசமாகத் தணிந்திருக்கிறது. குழுவாகப் பார்த்தால் அவர்கள் அதனால் கூடுதலாக நடமாடவில்லை. டென்ஸை முற்றிலும் பயனற்றது என்று சொல்பவர்களும் அருமையான சிகிச்சை என்று சொல்பவர்களும் இந்த ஒரே ஆய்விலிருந்து தத்தம் பாதியை எடுத்துக்கொண்டு போகலாம். முன்கூட்டி அறிவித்த அளவீட்டுக்கே எடை அதிகம் என்பது என் நிலைப்பாடு. அதற்காக அந்த 25 விழுக்காட்டினரை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6. ஆதரவாளர்களின் வாதம்

டென்ஸ் ஆய்வாளர்கள் ஒரு நியாயமான எதிர்வாதத்தை வைக்கிறார்கள்: தோல்வியடைந்த ஆய்வுகளில் பலவற்றில் கரண்ட் போதவில்லை. லேசான குறுகுறுப்போடு நிறுத்திவிட்டால் தோல் நரம்புகள் மட்டுமே இயங்கும். வலிக்காத எல்லைக்குள் வலுவான அளவு கொடுத்தால்தான் ஆழத்தில் உள்ளவை இயங்கும். அறுவைக்குப் பிந்தைய வலியில் இந்த வேறுபாடு தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பழகிப்போதல். கேத்லீன் ஸ்லூகாவின் ஆய்வுக்கூடம் எலிகளில் காட்டியபடி, ஒரே வேகத்தில் ஒரே அளவில் தினமும் கொடுத்தால் நான்கைந்து நாளிலேயே பலன் மங்கிவிடுகிறது. மார்ஃபின் மங்குவதற்கும் இதற்கும் வழி ஒன்றே. வேகத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தாலோ அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினாலோ அது தள்ளிப்போகிறது. முதல் நாள் வைத்த அதே அளவில் பத்தாம் நாளும் வைக்கும் நம் வழக்கத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது வாதமே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. டென்ஸை எப்போது போடுவது என்பது அது. படுத்திருக்கும்போது வலி இல்லாதவருக்குப் படுக்கவைத்துக் கரண்ட் கொடுத்து என்ன பயன்? அவருக்கு வலிப்பது எழும்போதும் நடக்கும்போதும். ஸ்லூகா குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பரவல் வலி கொண்ட 301 பெண்கள் பங்கேற்றார்கள்; கருவி பெற்றவர்கள் அதை நடமாடும்போதே தினமும் இரண்டு மணி நேரம் அணிந்தார்கள். நான்கு வாரத்தில் அசையும்போது வரும் வலி 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் உண்மைக் குழுவில் 44 விழுக்காடு, போலிக் குழுவில் 22. நோய் வேறு, இதை அப்படியே முதுகு வலிக்குப் பெயர்த்துவிட முடியாது. ஆனால் கருவி சிகிச்சையாக இல்லாமல் அசைவுக்குத் துணையாக வரும்போது அதன் பயன் மாறக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

இந்த வாதங்களை ஏற்றுக்கொண்டாலும் அவை நிறுவுவது, டென்ஸைச் சரியாகச் சோதிக்கவில்லை என்பதை மட்டுமே. அது வேலை செய்கிறது என்பதை நிறுவும் பொறுப்பு அப்படியே இருக்கிறது.

7. தோலுக்கு அடியில்

இதே கதை, பல மடங்கு கூடிய விலையில், பதிக்கும் கருவிகளில் நடக்கிறது. தண்டுவடத் தூண்டியில் மெல்லிய மின்கம்பிகள் தண்டுவடத்தை மூடியிருக்கும் சவ்வுக்கு வெளியே பொருத்தப்படுகின்றன. பேட்டரி இடுப்பிலோ பிட்டத்திலோ தோலுக்கு அடியில் புதைக்கப்படுகிறது. முதுகு அறுவைக்குப் பிறகும் காலுக்கு இறங்கும் வலி தீராதவர்களுக்கே இது முதலில் பரவியது. 2007இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட 100 பேரில், ஆறு மாதத்தில் கால் வலி பாதியாகக் குறைந்தவர்கள் தூண்டி பெற்ற குழுவில் 48 விழுக்காடு, வழக்கமான மருத்துவக் குழுவில் 9 விழுக்காடு. 2008இல் நைஸ் அமைப்பு, நரம்பு சேதத்தால் வரும் கடும் வலிக்கு இதை நிபந்தனைகளோடு ஏற்றது.

அந்த ஆய்வில் போலி அறுவை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்குள் ஒரு கருவி இருக்கிறது என்று ஒரு குழுவுக்குத் தெரியும். இல்லை என்று மறு குழுவுக்குத் தெரியும். நார்வேயில் ட்ரோண்ட்ஹைம் நகர மருத்துவமனையில் இதைச் சரிசெய்தார்கள். அறுவைக்குப் பிறகும் கால் வலி தொடர்ந்த 50 பேருக்கும் கருவியைப் பதித்துவிட்டு, மும்மூன்று மாதங்களாக, சில தவணைகளில் இயக்கியும் சில தவணைகளில் நிறுத்தியும் வைத்தார்கள். எது எந்தத் தவணை என்று நோயாளிக்குத் தெரியாது. உணர்வே எழாத வகைத் துடிப்பைத் தேர்ந்ததால் இது சாத்தியமாயிற்று. 2022 அக்டோபரில் 'ஜாமா' இதழில் முடிவு வந்தது. முடக்கத்தை 100க்கு அளக்கும் மதிப்பெண்ணில், இயங்கியபோது 10.6 புள்ளி குறைந்தது; நிறுத்தியிருந்தபோது 9.3 குறைந்தது. வேறுபாடு 1.3. நோயாளி உணரக்கூடிய வேறுபாடு ஆகாது அது. நான்கு பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. அங்கே பயன்படுத்திய துடிப்பு வகை வழக்கமானது இல்லை என்று வலி மருத்துவர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபணையில் நியாயம் இருக்கலாம். அப்படியானால் வழக்கமான துடிப்பை அதே கண்டிப்போடு சோதித்துக் காட்டுவதுதான் பதிலாக இருக்கும்.

2023இல் வந்த காக்ரேன் மறுஆய்வு, 13 ஆய்வுகளையும் 699 பேரையும் பார்த்துவிட்டு, கீழ்முதுகு வலிக்குத் தண்டுவடத் தூண்டி நீடித்த பலன் தருவதாகச் சான்று இல்லை என்றது. ஓராண்டுக்கு மேல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட அதில் இல்லை. வாழ்நாள் முழுக்க உடலுக்குள் இருக்கப்போகும் கருவிக்கு இது மிக மெலிந்த ஆதாரம். 2018இல் அசோசியேட்டட் பிரஸ் உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் கூட்டமைப்போடு சேர்ந்து நடத்திய விசாரணை, 2008 முதல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தண்டுவடத் தூண்டிகள் தொடர்பாக 80,000க்கும் மேற்பட்ட பாதிப்பு அறிக்கைகள் வந்திருந்ததைக் காட்டியது. ஓர் அறிக்கை வந்ததாலேயே கருவிதான் காரணம் என்று நிரூபணமாகிவிடாது. ஆனாலும் மின் அதிர்ச்சி, சூடுபட்ட காயம், நரம்பு சேதம், கருவியைத் திரும்ப எடுக்கும் அறுவை என்று அவற்றில் பதிவாகியிருப்பவை அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல.

புதிய வகை ஒன்று, முதுகெலும்பை நிலைநிறுத்தும் மல்டிஃபிடஸ் தசைக்குச் செல்லும் நரம்பைத் தூண்டுகிறது. இது வலியை மறைக்க முயலவில்லை. தசையை மீண்டும் இயக்க முயல்கிறது. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 204 பேரிடம் நடந்த முக்கியச் சோதனையில் 120ஆம் நாள், முழு அளவில் தூண்டல் பெற்றவர்களில் 57.1 விழுக்காட்டினரும், பெயரளவுக்குத் தூண்டல் பெற்றவர்களில் 46.6 விழுக்காட்டினரும் முன்னேறியிருந்தார்கள். அந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. ஓராண்டில் நிலை இன்னும் மேம்பட்டதாகப் பின்னர் அறிவித்தார்கள். அதற்குள் எல்லோருக்கும் முழுத் தூண்டல் தொடங்கிவிட்டதால் ஒப்பிட யாரும் மிஞ்சவில்லை. இருந்தும் 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

8. சிகிச்சை அறையில் நேரம் எங்கே போகிறது

டென்ஸ் கருவியால் நேரடித் தீங்கு குறைவு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கழுத்தின் முன்புறத்திலும், கர்ப்பிணிகளின் வயிற்றுப் பகுதியிலும், உணர்ச்சி மரத்த தோலிலும் புண்ணிலும் வைக்கக் கூடாது. இவற்றைத் தவிர்த்தால் தோல் சிவத்தல், அரிப்பு அளவில் நின்றுவிடும். வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கிச் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுத்துக்கொள்வதைவிட இது நல்லது என்று ஒருவர் சொன்னால் என்னால் மறுக்க முடியாது. தாமே ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வலி கூடும் நாளில் போட்டுக்கொண்டு நடைக்குக் கிளம்புபவரை யாரும் தடுக்கத் தேவையில்லை.

என் கவலை வேறு. கிளினிக்கில் நாற்பது நிமிடம் கிடைக்கிறது என்றால் அதில் கரண்ட் இருபது, அல்ட்ராசவுண்ட் எட்டு, ஒத்தடம் பத்து என்று போய்விட்டு, கதவருகே நிற்கும்போது ஒரு ஜெராக்ஸ் தாளில் ஆறு உடற்பயிற்சிப் படங்களைக் கொடுத்து வீட்டில் செய்யச் சொல்லும் ஏற்பாடு பரவலாக இருக்கிறது. ஆதாரம் எதற்கு இருக்கிறதோ அதற்கு நேரமில்லை; எதற்கு இல்லையோ அதற்குக் கட்டணம். இதற்குப் பிசியோதெரபிஸ்டுகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஒரே நேரத்தில் நான்கு கட்டிலைக் கவனிக்க வேண்டிய ஒருவருக்குக் கருவி தானாக ஓடுவது பெரிய உதவி. நோயாளிக்கும் ஏதோ நடந்தது என்ற திருப்தி கிடைக்கிறது. அருகில் உட்கார்ந்து, குனிந்தால் முதுகு உடைந்துவிடாது என்று பேசிப் புரியவைப்பதற்கு யாரும் பில் போடுவதில்லை. டேயோவின் ஆய்வில் இரண்டு மாதத்தில் பயிற்சியைக் கைவிட்டவர்களைப் போலவே இங்கும் தாள் மடிந்து எங்கோ போய்விடுகிறது. பயிற்சி செய்யவைப்பதும் தொடரவைப்பதும்தான் கடினமான வேலை. அதற்குத்தான் தேர்ச்சி பெற்றவர் தேவை.

2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அதில் கருவியைச் சுமந்து செல்வதா, அந்த வீட்டின் திண்ணையில், அந்த மனிதர் தூக்கும் குடத்தையும் உட்காரும் தரையையும் வைத்தே பயிற்சி சொல்லித்தருவதா என்பது கொள்கை முடிவு. ஆதாரங்கள் இரண்டாவதன் பக்கம் நிற்கின்றன.

ஆய்வுக்கும் இடம் இருக்கிறது. நம் பிசியோதெரபி கல்லூரிகளின் ஆய்வேடுகளில், டென்ஸோடு பயிற்சி ஒரு குழுவுக்கு, ஐஎஃப்டியோடு பயிற்சி மறு குழுவுக்கு என்று முப்பது நாற்பது பேரை வைத்து இரண்டு மூன்று வாரம் ஒப்பிடும் வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. இரு குழுவும் தேறிவிடும். தேறியது எதனால் என்று தெரியாது. அதற்குப் பதிலாகச் சில கல்லூரிகள் சேர்ந்து, பயிற்சி செய்யும் நேரத்திலேயே வலுவான அளவில் டென்ஸ் அணிந்த குழு, அரை நிமிடத்தில் அணைந்துவிடும் போலிக் கருவி அணிந்த குழு, கருவியே இல்லாமல் பயிற்சி மட்டும் செய்த குழு என்று மூன்றாகப் பிரித்து, ஓராண்டு கழித்து யார் இன்னும் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள் என்று எண்ணினால், இருபது நிமிடக் கரண்ட்டுக்கு அந்த அறையில் இடம் உண்டா என்பது தெரிந்துவிடும்.